முதல் வீட்டுத் தோட்டம்: இடம், மண், பட்டம்

கொல்லைப்புறம் உள்ள பழைய வீடுகளில் தோட்டம் என்று தனியாக எதுவும் போடப்பட்டதில்லை. கிணற்றடியில் வாழை நின்றது, வேலியோரம் முருங்கை, அடுப்படிக்குப் பின்னால் கறிவேப்பிலை, ஓட்டுக்கூரை மேல் சுரையோ அவரையோ படர்ந்தது. அந்த அமைப்புக்குள் நல்ல கணக்கு ஒன்று இருந்தது. குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் ஓடிப்போகும் இடத்தில் நிறையத் தண்ணீர் கேட்கும் வாழை. யாரும் நீர் ஊற்றப்போகாத வேலியில் வறட்சி தாங்கும் முருங்கை. தாளிக்கும்போது ஓடிப்போய்க் கிள்ளி வரும் தூரத்தில் கறிவேப்பிலை. இடத்தைப் பார்த்துச் செடி வைத்தார்கள்.

இன்று முதன்முதலாகத் தோட்டம் போடுகிறவரிடம் இருப்பது பெரும்பாலும் மொட்டை மாடி, பால்கனி, அல்லது கட்டடம் போக மிஞ்சிய பத்தடி மண். அவர் பொதுவாகத் தொடங்குவது விதைப் பொட்டலத்தில். கடையில் பத்து வகை விதை வாங்கி வந்த பிறகுதான் எங்கே வைப்பது என்ற யோசனை வருகிறது. முதல் தோட்டம் பாதியில் நிற்பதற்கு இந்த வரிசை மாறாட்டம்தான் முதன்மையான காரணம். பூச்சி தின்றுவிட்டது என்று சொல்லப்படும் தோட்டங்களில் பலவும் உண்மையில் வெயில் போதாமலோ, நீர் மிகுந்தோ, பட்டம் தப்பியோ நலிந்தவை. நலிந்த செடியில் பூச்சி பிறகு வந்து சேர்கிறது. ஆகவே இங்கே தமிழகச் சமவெளியை மனதில் வைத்து, இடத்திலிருந்து தொடங்கிச் செடி வரை வரிசையாகப் பார்க்கலாம். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளின் கணக்கு வேறு.

வெயில் முதலில். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, பந்தல் கொடிகள் என்று காய் காய்க்கும் எதற்கும் நாளுக்கு 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். கீரைகளுக்கும் புதினாவுக்கும் 3, 4 மணி நேரம் போதும். வெயில் குறைந்த இடத்தில் வைத்த தக்காளி உடனே செத்துவிடாது. நெடுநெடுவென்று உயர்ந்து, தண்டு மெலிந்து, இலை வெளிறி, வருகிற பூவையெல்லாம் உதிர்த்துவிடும். செடி வளர்கிறதே என்ற நம்பிக்கையில் மூன்று மாதம் போய்விடும்.

வெயில் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் விழுவதில்லை என்பது பலர் கவனிக்காத செய்தி. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிப்பொழுதுச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே நகர்ந்துவிடும். டிசம்பரிலோ உச்சியிலிருந்து தெற்கே 36 டிகிரி சாய்ந்து போகும். அதனால் வடக்குப் பார்த்த பால்கனிக்கு ஆனி மாதத்தில் வெயில் உண்டு, மார்கழியில் கிடையாது. தெற்குப் பார்த்த பால்கனிக்கு நேர்மாறு. ஆனியில் நன்றாக இருந்த செடி கார்த்திகையில் ஏன் வாடுகிறது என்பதற்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. கிழக்கு வெயில் எல்லாச் செடிக்கும் இதம். மேற்கு வெயில் கோடையில் கடுமை. ஒரு விடுமுறை நாளில் காலை 8 மணி தொடங்கி இரண்டு மணிக்கு ஒருமுறை போய், நிழல் விழும் எல்லையைச் சாக்பீஸால் தரையில் கோடு போட்டு வைத்தால் போதும். மாலையில் அந்தக் கோடுகளே எந்த இடத்தில் எந்தச் செடி என்று காட்டிவிடும்.

மாடி என்றால் அடுத்த கேள்வி பாரம். கட்டடச் சுமை பற்றிய இந்தியத் தர விதி ஐ.எஸ். 875, ஆட்கள் புழங்கும் தட்டையான மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமையைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. ஓரடி விட்டமும் ஓரடி உயரமும் உள்ள பை ஏறக்குறைய 22 லிட்டர் கொள்ளும். அதில் வெறும் மண்ணை நிரப்பி நீர் ஊற்றினால் 40 கிலோவை நெருங்கும். சதுர மீட்டருக்கு நான்கு பை வைத்தாலே 160 கிலோ ஆகிவிடுகிறது, ஆள் நடக்கும் எடை தனி. அதே பையில் பாதிக்கு மேல் தென்னை நார்க்கழிவு கலந்தால் நனைந்த எடை 20, 25 கிலோவில் நிற்கும். மாடித் தோட்டத்துக்கு நார்க்கழிவு பரிந்துரைக்கப்படுவதன் முதல் காரணம் இந்த எடைதான். பைகளைத் தளத்தின் நடுவே குவிக்காமல், கீழே சுவரும் பீமும் ஓடும் கோட்டின் மேல் வரிசையாக வைப்பது நல்லது. பழைய கட்டடம், ஏற்கெனவே கசியும் தளம் என்றால் பொறியாளரைக் கேட்காமல் ஒரு தொட்டிகூட ஏற்றக்கூடாது.

கசிவு பற்றிய பயம் நியாயமானது. தரையோடு ஒட்டி உட்கார்ந்த பைக்கு அடியில் ஈரம் மாதக்கணக்கில் காயாது, மெல்லத் தளத்துக்குள் இறங்கும். நான்கு அங்குல உயரத்துக்குச் செங்கலோ இரும்பு ஸ்டாண்டோ கொடுத்தால் காற்று ஓடும், பெருக்கவும் முடியும். மழைநீர்க் குழாயின் வாயில் சல்லடை ஒன்று கட்டாயம் வேண்டும். நார்த் துகள் போய் அடைத்துக்கொண்டால் ஐப்பசி மழையில் மாடியே குளமாகும்.

மண் தரை உள்ளவருக்கு இந்தக் கவலைகள் இல்லை. ஆனால் வீட்டைச் சுற்றியுள்ள மண்ணை அப்படியே நம்ப முடியாது. புதிதாகக் கட்டிய வீட்டின் ஓரங்களில் சிமென்ட் கட்டியும் செங்கல் தூளும் புதைந்திருக்கும். சிமென்ட் கலந்த மண் சுண்ணாம்புத்தன்மை ஏறி இரும்புச் சத்தைச் செடிக்குக் கொடுக்காது. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் உள்ள இளந்தளிர் அதன் அடையாளம். அரையடி, முக்காலடி ஆழத்துக்குக் கொத்தி இடிபாட்டைப் பொறுக்கி எடுத்துவிட்டு, தொழுவுரமும் செம்மண்ணும் கலந்து நிரப்புவதே தீர்வு. மண்ணின் தன்மையை அறிய ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும். கால் பங்கு மண் போட்டு, நீர் நிரப்பிக் குலுக்கி வைத்தால் மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களி மறுநாளும் கலங்கியே நிற்கும். களி மிகுந்த மண்ணுக்கு மணலையும் மட்கையும், மணல் மிகுந்த கடற்கரை மண்ணுக்கு மட்கை மட்டும் தாராளமாகவும் சேர்க்க வேண்டும். பாத்தியின் உருவமும் பருவத்தைப் பொறுத்தது. மழைக்காலத்துக்கு மேட்டுப்பாத்தி, கோடைக்குத் தரைமட்டத்திலிருந்து சற்றுத் தாழ்ந்த பாத்தி. ஐப்பசியில் தாழ்ந்த பாத்தியில் விதைத்த கீரை வெள்ளத்தில் மிதந்து போகும்.

பைக்கும் தொட்டிக்கும் உரிய கலவையில் ஆளுக்கொரு விகிதம் சொல்வார்கள். செம்மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரமோ நன்கு மட்கிய தொழுவுரமோ ஒரு பங்கு என்பது தொடங்குகிறவருக்குப் பாதுகாப்பான அளவு. மாடியில் எடை குறைக்க வேண்டுமானால் நார்க்கழிவு இரண்டு பங்காகலாம். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்த்தால் வேர்ப்புழுத் தொல்லை குறையும், மெல்லத் தழைச்சத்தும் கிடைக்கும். நார்க்கழிவு விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். அதில் இயல்பாகவே உப்பு உண்டு. 5 கிலோ கட்டி ஊறினால் 70 லிட்டர் வரை பெருகும், அந்த முதல் ஊறல் நீர் கருந்தேயிலை நிறத்தில் இருக்கும். அதைக் கொட்டிவிட்டு நிறம் வெளிறும் வரை இரண்டு, மூன்று முறை அலச வேண்டும். இரண்டாவது, அதில் உணவுச் சத்து ஏறக்குறைய இல்லை. நார்க்கழிவை மட்டும் நிரப்பி நட்ட செடி மூன்று வாரம் பச்சையாக நின்று, பிறகு வளர்ச்சியே இல்லாமல் உட்கார்ந்துவிடும். கலவையை உடனே நடவுக்குப் பயன்படுத்தாமல், நீர் தெளித்து ஒரு வாரம், பத்து நாள் வைத்திருந்தால் உரம் இன்னும் முழுதாக மட்காதிருந்தாலும் அதன் சூடு தணிந்துவிடும்.

தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித் தோட்டத் தளைகள் இந்த வேலையைச் சுருக்குகின்றன. பைகள், நார்க்கழிவு, சில காய்கறி விதைகள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி, வேப்பெண்ணெய் ஆகியவை ஒரே தொகுப்பாகக் கிடைக்கும். இவற்றில் முதலிரண்டும் நுண்ணுயிர் உரங்கள். டிரைக்கோடெர்மா, வேரழுகலை உண்டாக்கும் பூஞ்சைகளை அடக்கும் நல்ல பூஞ்சை. மூன்றும் உயிருள்ளவை என்பதால் வெயிலில் வைத்தால் பயனற்றுப் போகும். வந்த அன்றே நிழலில் எடுத்து வைத்து, மட்கிய உரத்தோடு கலந்து இட வேண்டும்.

இடமும் கலவையும் அமைந்தபின் பட்டம். ஆடிப்பட்டம், புரட்டாசிப் பட்டம், தைப்பட்டம், சித்திரைப் பட்டம் என்று உழவர்கள் வைத்திருக்கும் பிரிவு வீட்டுத் தோட்டத்துக்கும் அப்படியே பொருந்தும். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. ஆடியில் விதைத்த செடி அந்த மழை வரும்போது வேர் பிடித்து, உயர்ந்து, நீரைத் தாங்கும் நிலையில் இருக்கும். கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, அவரை, கொடிகள் எல்லாவற்றுக்கும் இதுவே ஆண்டின் மிக நல்ல தொடக்கம். புரட்டாசி, ஐப்பசியில் முள்ளங்கி, பீட்ரூட், வெந்தயம், கொத்தமல்லி போன்ற குளிர் விரும்பிகளை விதைக்கலாம். தொடர்மழை நாட்களில் மட்டும் நாற்றுக்குக் கூரை வேண்டும். தையில் மறுபடியும் வெண்டையும் கொடிகளும்.

பலர் தோட்டம் தொடங்குவது பள்ளி விடுமுறையான மே மாதத்தில். ஓய்வு இருப்பது உண்மை. ஆனால் அக்கினி நட்சத்திர வெயிலில் மாடிச் சிமென்ட் தளம் வெறுங்காலில் நிற்க முடியாதபடி கொதிக்கும்போது, கறுப்புப் பைக்குள் இருக்கும் வேர் வெந்துவிடுகிறது. அந்த மாதத்தை மட்கு தயாரிக்கவும், கலவை சேர்க்கவும், வெயிலைக் கவனிக்கவும் வைத்துக்கொண்டு ஆடியில் விதைப்பதே சரி. அதற்கும் பொறுக்காத ஆவல் உள்ளவர் 50 விழுக்காடு நிழல்வலைக்கு அடியில் தண்டுக்கீரை போடலாம்.

என்ன பயிரிடுவது என்பதில் ஒரு தெளிவான விடை உண்டு. முதலில் கீரை. சிறுகீரையும் வெந்தயக்கீரையும் விதைத்த 20, 25 நாளில் சமையலுக்கு வரும். அரைக்கீரையை நறுக்கி எடுக்க எடுக்கத் துளிர்க்கும். சந்தையில் வாங்கிய புதினாவின் இலையை ஆய்ந்துவிட்டு, முற்றிய தண்டை ஈரமண்ணில் சாய்த்து ஊன்றினால் வேர் விடும். பொன்னாங்கண்ணியும் அப்படியே. கீரை தவறினால் இழப்பு மூன்று வாரம்தான், தக்காளி தவறினால் மூன்று மாதம். நீர் ஊற்றும் அளவையும் தன் மாடியின் வெயிலையும் கைக்குப் பழக்கிக்கொள்ள இதைவிடக் குறைந்த செலவுள்ள பயிர் இல்லை. அடுத்த நிலைக்கு வெண்டை. நேரடியாக விதைக்கலாம், விதைத்து 45 நாளில் முதல் காய் வரும், பெரிய பக்குவம் கேட்காது. ஐந்தாறு செடியாவது இருந்தால்தான் ஒரு பொரியலுக்குக் காய் சேரும். ஒரே செடி வைத்தவர் நாளுக்கு ஒரு காயாகப் பறித்துக் குளிர்பெட்டியில் சேர்த்துக்கொண்டிருப்பார். கொத்தவரையும் வெண்டையைப் போலவே எளிது. மிளகாயும் கத்தரியும் அதற்குப் பிறகு. நான்கு நபர் வீட்டுக்கு நான்கு மிளகாய்ச் செடி தாராளம்.

தக்காளியைத்தான் எல்லோரும் முதலில் விரும்புகிறார்கள், அதுதான் முதலில் ஏமாற்றவும் செய்கிறது. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் குளிராத நாட்களில் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். என்ன உரம் போட்டாலும் நிற்காது. புரட்டாசிக்குப் பிறகு நாற்று விட்டு, குளிர் மாதங்களில் காய்க்க விட்டால் அதே செடி கொத்துக் கொத்தாகக் காய்க்கும். முருங்கை மாடிக்கு ஆகாது, நிலத்துக்கு அருமை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989-இல் வெளிவந்த பி.கே.எம். 1 விதை போட்டே வளர்க்கும் இரகம், ஓராண்டுக்குள் காய்க்கும். நாட்டு முருங்கை போத்து நட்டு வருவது, பல ஆண்டு நிற்கும். எந்த முருங்கையின் கிளையும் காற்றுக்கு முறியும் என்பதால் வீட்டுக் கூரை மேல் சாயாத தூரத்தில் வைக்க வேண்டும். கறிவேப்பிலைக்கு முதல் ஆண்டு பொறுமை தேவை. இலையை உருவாமல் விட்டு, மார்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விட்டுப் புதராகும்.

விதை வாங்கும்போது நாட்டு விதையா ஒட்டு விதையா என்ற விவாதம் வரும். வீரிய ஒட்டு எனப்படும் எஃப் 1 விதை காய்ப்பில் சீராக இருக்கும். ஆனால் அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயைப்போல வராது. நாட்டு இரகத்தின் விதையை எடுத்து வைத்து அடுத்த பட்டத்துக்குப் பயன்படுத்தலாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக் கத்தரி போல, ஓர் ஊரின் மண்ணோடு பழகிய இரகங்களின் சுவை கடைக்காயில் கிடைப்பதில்லை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தெரிவு இரகங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. அவற்றிலிருந்தும் விதை எடுக்கலாம். வீட்டுத் தோட்டத்தில் விளைச்சல் எடையைவிட விதைத் தொடர்ச்சி முக்கியம் என்பதால், முடிந்தவரை நாட்டு விதையோ தெரிவு இரகமோ எடுப்பதே மேல். பழைய விதை என்ற ஐயம் இருந்தால் பத்து விதையை ஈரத்துணியில் மடித்து வைத்து, ஆறேழு முளைத்தால் விதைக்கலாம்.

விதை அதன் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழத்துக்கு மேல் போகக்கூடாது. கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய படலமாக மட்கு தூவினால் போதும். கொத்தமல்லி என்று விற்கும் ஒவ்வொரு உருண்டையிலும் இரண்டு விதை உண்டு. செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைப்பது பழைய முறை. மாவாகிவிடாமல் அழுத்தம் பார்த்துத் தேய்க்க வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் குழித்தட்டில் நாற்று விட்டுத்தான் நட வேண்டும். தக்காளி நாற்று 25 நாளிலும், கத்தரி ஒரு மாதத்திலும், மிளகாய் 40 நாளிலும் நடவுக்கு வரும். மாலையில் நட்டு, இரண்டு மூன்று நாள் உச்சி வெயிலுக்கு மறைப்பு கொடுத்தால் நாற்று வாடாது.

முளைத்த முதல் பதினைந்து நாளில் வரும் பெரிய இழப்பு நாற்றழுகல். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் படுத்துக் கிடக்கும். குனிந்து பார்த்தால் இலை இன்னும் பசுமையாக இருக்கும், மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு மட்டும் நூலாக இறுகி, பழுப்பேறியிருக்கும். தட்டில் ஒரு மூலையில் தொடங்கி வட்டமாகப் பரவும். மிகுந்த ஈரமும் நெருக்கமும் இதன் காரணம். விழுந்ததைப் பிடுங்கி எறிந்து, நீரை நிறுத்தி, காற்றோட்டம் கொடுப்பதைத் தவிர அப்போது செய்ய அதிகமில்லை. விதைக்கும் முன்பே கலவையில் டிரைக்கோடெர்மா சேர்ப்பதும், அடர்த்தியாக விதைக்காமல் இருப்பதும்தான் முன்காப்பு.

நீர்தான் தொடங்குகிறவர் தினமும் எடுக்கும் முடிவு. அன்பு மிகுந்தவர்கள் செடியை நீரால் கொல்கிறார்கள். வேருக்கு ஈரம்போலவே காற்றும் வேண்டும். எப்போதும் சொதசொதவென்று இருக்கும் மண்ணில் வேர் மூச்சடைத்து அழுகும், அழுகிய வேர் நீரை உறிஞ்சாது, அதனால் இலை வாடும். வாடிய இலையைப் பார்த்து இன்னும் ஒரு குவளை ஊற்றப்படும். இந்தச் சுழலை நிறுத்த விரல் போதும். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டு, உள்ளே ஈரம் ஒட்டினால் அன்று நீர் வேண்டாம். நார்க்கழிவுக் கலவையில் இந்தச் சோதனை மிகவும் தேவை. மேலே வெளுத்துக் காய்ந்து தெரியும்போதும் ஒரு சாண் கீழே பிழிந்தால் நீர் சொட்டும். கோடையில் காய்க்கும் தக்காளிப் பை ஒன்றுக்கு நாளுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் ஆகலாம். மழைக்காலத்தில் வாரம் முழுவதும் எதுவும் வேண்டியிராது. காலையில் ஊற்றுவது நல்லது. சருகையோ தேங்காய் மட்டையையோ இரண்டு அங்குலம் மூடாக்காகப் பரப்பினால் நீர்ச் செலவு கணிசமாகக் குறையும்.

ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள ஊர்களில் தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படியும், இலை நுனி கருகும். உப்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போவதன் அடையாளம் அது. முதல் மழைக்கு அடுத்த நாள் செடிகள் புதிதாகத் துளிர்த்ததுபோல் தெரிவதில் இந்த உப்பு கழுவப்பட்டதற்கும் பங்குண்டு. தமிழகத்தில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழாயில் ஒரு பீப்பாயை இணைத்துத் தோட்டத்துக்கு நீர் பிடிக்கலாம். பீப்பாய்க்கு இறுக்கமான மூடியோ வலையோ வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீரையும் கொட்டிவிட வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய சிறு நீர்த்தேக்கத்தில்தான் முட்டையிடுகிறது, பள்ளிப்பிள்ளை உள்ள வீட்டில் இது காய்கறியைவிட முக்கியமான விஷயம்.

உரத்தில் மூன்று சத்துகளின் வேலையை அறிந்தால் போதும். தழைச்சத்து இலைக்கு, மணிச்சத்து வேருக்கும் பூவுக்கும், சாம்பல் சத்து காயின் திரட்சிக்கும் செடியின் தாங்குதிறனுக்கும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் இடுவது பெரும்பாலும் போதுமானது. கடலைப் புண்ணாக்கை அப்படியே போட்டால் எறும்பும் எலியும் வரும். இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து ஊற்ற வேண்டும். கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிப்பது வழக்கம். இரசாயன உரம் செடிக்கு நஞ்சு அன்று. ஆனால் பையின் சிறிய மண்ணில் ஒரு தேக்கரண்டி கூடினாலும் வேர் கருகிவிடும். அளவு பழகாதவரின் கைக்கு மட்கே பாதுகாப்பு.

அடுக்களை வைத்தியங்களைப் பொறுத்தவரை எல்லாம் ஒன்றல்ல. அரிசி கழுவிய நீர் தீங்கில்லாதது, சிறிது சத்தும் உண்டு. சர்க்கரை சேர்ந்த தேயிலைத் தூள் எறும்பை அழைக்கும். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகும்போது முட்டை ஓட்டைப் பொடித்துப் போடும் வழக்கம் பரவலாக உள்ளது. சுண்ணாம்புச் சத்துக் குறைவுதான் அந்த அழுகலுக்குக் காரணம் என்பது சரி. ஆனால் ஓடு மண்ணில் கரைய மாதங்கள் ஆகும். பெரும்பாலான பைகளில் சுண்ணாம்பு இருந்தும், ஒருநாள் காய்ந்து ஒருநாள் நிரம்பும் ஈரத்தால் அது காய்க்குப் போய்ச் சேர்வதில்லை. நீரைச் சீராக்கினால் அடுத்த கொத்து நன்றாக வரும்.

பூ வந்தும் காய் நிற்காத புகார் கொடிகளில்தான் அதிகம். சுரை, பீர்க்கு, புடல், பாகல், பரங்கி ஆகியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்களே, அவை உதிர்வது இயல்பு. பெண் பூவின் காம்பில் விரல்நுனி அளவுக் குட்டிக் காய் ஒன்று முன்பே இருக்கும். தேனீ வராத உயரத்தில் அந்தக் குட்டிக் காய் மஞ்சளாகி விழுந்துவிடும். அப்போது கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும், அதற்கு நேரமும் பார்க்க வேண்டும். பரங்கிப் பூ விடியலில் விரிந்து வெயில் ஏறுமுன் மூடிவிடும். சுரைப் பூ அந்தி வேளையில்தான் விரியும், இருட்டில் வரும் விட்டில்களுக்காக வெள்ளை நிறம் கொண்டது. மாலை ஆறு மணி சுமாருக்கு விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடு முடிச்சில் மெல்ல ஒற்றினால் வேலை முடிந்தது. மூன்றாம் நாள் காலையில் குட்டிக் காய் பளபளத்துத் தடித்திருந்தால் பிடித்துவிட்டது.

பூச்சிகளில் தினமும் தேட வேண்டியவை அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ. மூன்றும் இலைக்கு அடியில் சாற்றை உறிஞ்சுபவை. எறும்பு வரிசையாகத் தண்டில் ஏறினால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது என்று பொருள், அவை சுரக்கும் இனிப்புக்காகவே எறும்பு காவல் நிற்கிறது. தொடக்கத்தில் நீரைப் பீய்ச்சியோ ஈரத்துணியால் துடைத்தோ நீக்கிவிடலாம். கூடினால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தணிந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். வெள்ளை ஈ வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோயைப் பரப்பும். அதற்கு மருந்து இல்லை, நோய் கண்ட செடியை அன்றே பிடுங்குவதுதான் மற்றச் செடிகளுக்கான காப்பு. கத்தரியின் நுனிக் குருத்து மட்டும் துவண்டு தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கும், அந்தக் குருத்தைக் கிள்ளி அழித்தால் காய் தப்பும்.

எல்லாப் பூச்சியையும் ஒழிக்க முயல்வது தவறு என்பதற்குத் தமிழகத்திலேயே பெரிய சான்று உண்டு. 2008-இல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, வீட்டுச் செம்பருத்தி என்று பரவியது. பூச்சிமருந்துகள் அதை நிறுத்தவில்லை. 2010-இல் பியூர்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டு விடப்பட்ட பிறகே அது அடங்கியது. வீட்டு மாடியிலும் பொறிவண்டும் சிலந்தியும் கும்பிடுபூச்சியும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. கொஞ்சம் அசுவினி இருந்தால்தான் பொறிவண்டு வரும். முதல் அசுவினியைக் கண்டதும் கடும் நஞ்சைத் தெளிப்பவர் பொறிவண்டையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறார். அசுவினி பத்து நாளில் திரும்ப வரும், பொறிவண்டு வராது. அணில், கிளி, குரங்குக்கு வலையைத் தவிர நம்பத்தக்க தடுப்பு இல்லை.

செலவு பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பை, நார்க்கழிவு, உரம், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்த முதல் ஆண்டில் காய்கறிச் செலவு மிச்சமாகாது. வெங்காயத்தையும் உருளையையும் பையில் வளர்த்துக் கடைவிலையை வெல்ல முடியாது. கீரை, புதினா, கொத்தமல்லி, கறிவேப்பிலை, மிளகாய் ஆகியவற்றில் இரண்டாம் ஆண்டு முதல் உண்மையான மிச்சம் உண்டு, ஏனெனில் இவை சிறிது சிறிதாகத் தினமும் தேவைப்படுபவை, வாங்கினால் பாதி அழுகிப்போகிறவை. அடுக்களைக் கழிவை வீட்டிலேயே மட்கச் செய்தால் உரச் செலவும் குறையும். காய்த் தோல் ஒரு பங்குக்குச் சருகோ நார்த்தூளோ இரண்டு பங்கு என்று அடுக்கடுக்காகப் போட்டு, மூடிய வாளியில் காற்றுத் துளையோடு வைத்தால் இரண்டு, மூன்று மாதத்தில் மண்வாசனையோடு கறுத்துப் பொலபொலவென்று வரும். நாற்றம் அடித்தால் ஈரம் மிகுதி, இன்னும் சருகு வேண்டும்.

முதல் பட்டம் முடியும்போது வலுவான செடி ஒன்றில் இரண்டு காயைப் பறிக்காமல் முற்ற விட்டு, விதை எடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் தடவிக் காகிதப் பொட்டலத்தில் இரகமும் மாதமும் எழுதி வைக்கலாம். பையின் கலவையைக் கொட்டிவிட வேண்டியதில்லை. பழைய வேரைப் பொறுக்கி, சித்திரை வெயிலில் மாடியில் மெல்லியதாகப் பரப்பி, பாலித்தீன் விரிப்பால் மூடி மூன்று வாரம் வைத்தால் கிருமிகள் பெருமளவு அழியும். பிறகு மூன்றில் ஒரு பங்கு புதிய மட்கும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து, டிரைக்கோடெர்மாவை மறுபடி கலக்க வேண்டும், வெயில் நல்ல பூஞ்சையையும் கொன்றிருக்கும் என்பதால். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். அவை இருந்த பையில் அடுத்த முறை கொத்தவரையோ அவரையோ தட்டைப்பயறோ போட்டால் தழைச்சத்து ஏறும், நோயின் தொடர்ச்சியும் அறும். ஆனி பிறந்ததும் பைகளை நிரப்பி, நீர் தெளித்து, ஆடி முதல் வாரத்து விதைப்புக்கு ஆயத்தமாக வைத்திருக்கலாம்.